ஊதியம் பேசும் ஆங்கிலம்



நம் கருங்கல்லும் பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. அந்நாட்டில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எழுத்தறியாத பெருந்தலைவர் அய்யன்காளி வயல் தொழிலாளரைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்வித்தார். பிள்ளைகளுக்குப் பள்ளியும் உழைப்புக்குத் தக்க கூலியும் வேண்டும் என்றார். 1937இல் வெங்ஙானூருக்கு வந்த காந்தியடிகளிடம், தம் மக்களுள் 10 பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டபின்பே கண்மூட விரும்புவதாகக் கூறினார்.

இன்று நம்மிடையே பட்டதாரிகள் பலர். ஆயினும் நம்மிடம் பயின்ற ஒருவரை ஒரு நிறுவனத்தார், "வாட் இஸ் யுவர் எக்ஸ்பெக்டட் சாலரி?" என வினவியபோது, "அஸ் யூ விஷ், சார்" என்றார். அதே பட்டத்துடன் அதே நாளில் சேர்ந்த மற்றொருவர் கூடுதல் ஊதியம் பெற்றதைப் பின்னரே அறிந்தார். அவர் ஆங்கிலத்தில் பிழையில்லை. அளந்து போட்ட கூலி நெல்லை வாய்பேசாது வாங்கிய நம் பாட்டன்மாரின் அச்சமே அவர் நாவில் இருந்தது.

இக்குறையில் ஆசிரியராகிய நமக்கும் பங்குண்டு. "ஐ பெக் டு ஸ்டேட்" என விண்ணப்பம் எழுதக் கற்பித்தோம். ஊதியம் பேசக் கற்பித்தோமில்லை. 'பெக்' என்பது இரத்தல்; 'நெகோஷியேட்' என்பது இருதரப்பும் பேசி முடிவு காணல்.

இளைஞர்களே, அவ்வேலைக்கு வெளியில் வழங்கும் ஊதியத்தை முன்னரே விசாரித்துச் செல்லுங்கள். "மை எக்ஸ்பெக்டேஷன் இஸ்" எனத் தொடங்கித் தொகையைச் சொல்லி நிறுத்துங்கள், மன்னிப்புக் கோராதீர்கள். குறைத்துச் சொன்னால், "இஸ் தேர் ஸ்கோப் ஃபார் ரிவிஷன்?" எனக் கேளுங்கள்.

'சி.டி.சி.' என்பது உங்களுக்காக நிறுவனம் ஓராண்டில் ஏற்கும் மொத்தச் செலவு. வருங்கால வைப்பு நிதிக்கு அது செலுத்தும் பங்கும் அதில் அடங்கும். பிடித்தம் போகக் கைக்கு வருவதே 'டேக் ஹோம்'. ஆகவே, "குட் யூ எக்ஸ்பிளெயின் தி பிரேக்-அப்?" எனக் கேளுங்கள். இறுதியில், "மே ஐ ஹேவ் இட் இன் ரைட்டிங்?" என்பதை மறவாதீர்கள். வாய்ச்சொல் மாறலாம், எழுத்து நிற்கும்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. எனினும், கேட்பது அவமதிப்பன்று, உழைப்பவனின் உரிமை. அய்யன்காளி விரும்பிய பட்டம் நம் கையில் உள்ளது. அதன் மதிப்பைத் தலைநிமிர்ந்து சொல்லப் பழகுவோம்.