பிள்ளைகளின் பல் நலம்

(தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல்வலியோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் மனத்தில் பதியாது. இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளை மறுநாள் பள்ளிக்கே வருவதில்லை. ஆதலின், பல் நலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியே பேசுகிறோம்.

“விழப்போகும் பால்பல்தானே, சொத்தையானால் என்ன?” என்று நம்மில் பலர் கருதுகிறோம். பால்பற்கள் 20உம் பின்னர் முளைக்கும் நிலைப்பற்களுக்கு இடம் காத்து நிற்பவை. மேலும், ஏறத்தாழ 6 வயதில், பால்பல் எதுவும் விழாமலேயே, அவற்றின் பின்புறத்தில் நிலையான கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. அவற்றையும் பால்பற்கள் என்றெண்ணிக் கவனியாது விட்டுவிடுகிறோம். அவற்றை இழந்தால் மீண்டும் முளைக்க மாட்டா.

பல்லில் படியும் கிருமிகள் சீனியை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேல்பூச்சை அரித்துக் குழியாக்குகிறது. பால்மரத்தில் சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளரும். குழி விழுந்த பல்லோ தானாக வளர்ந்து மூடிக்கொள்வதில்லை.

விடியுமுன் நாம் பெரட்டுக்குப் புறப்பட்டு விடுகிறோம். பிள்ளை பல் துலக்கியதா என்று பார்க்க அவ்வேளையில் நாம் வீட்டில் இருப்பதில்லை. ஆனால், இரவு நேரம் நம்முடையது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரப்பதால், பல்லில் தங்கிய இனிப்பு அப்போதுதான் மிகுந்த தீங்கு செய்கிறது. ஆகவே, காலையில் துலக்கும் பழக்கத்தோடு, படுக்குமுன் துலக்கும் பழக்கத்தையும் நாமே அருகில் நின்று ஏற்படுத்துவோம். அதற்குச் செய்ய வேண்டியவை நான்கு:

1. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பல் தூரிகை வேண்டும். நார்கள் வளைந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

2. புளோரைடு கலந்த பற்பசையைப் பட்டாணி அளவே எடுத்து, 2 நிமிடம் துலக்கி, துப்பிவிடச் செய்ய வேண்டும். கரித்தூளும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும், அவை வேண்டா.

3. ஏழெட்டு வயது வரை பெரியவர்களே துலக்கிவிட வேண்டும். அல்லது உடனிருந்து கண்காணிக்க வேண்டும்.

4. இரவில் துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது. கட்டிப்பால் கலந்த தேநீர்ப் புட்டியை வாயில் வைத்துக் குழந்தையை உறங்க வைப்பது பல்லுக்குப் பெருங்கேடு.

குழாய் நீரில் புளோரைடு கலப்பதை 1972ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. கிணற்று நீரையும் ஆற்று நீரையும் பயன்படுத்துவோருக்கு அப்பயன் கிட்டுவதில்லை. அவர்களுக்குப் புளோரைடு பற்பசை மேலும் இன்றியமையாதது.

பள்ளிப் பிள்ளைகளுக்கெனப் பல் தாதியரைப் பயிற்றும் பணி 1949ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கிற்று. அன்று தொட்டு வளர்ந்த சேவையே இன்று பல் மருத்துவக் குழுவாக நம் பள்ளிகளை நாடி வருகிறது. சிகிச்சைக்குப் பெற்றோரின் கையொப்பம் தேவை. “பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை கெடும்” என்று அஞ்சிச் சிலர் கையொப்பமிட மறுக்கின்றனர். அவ்வச்சத்துக்கு ஆதாரமே இல்லை. சிறு குழியைக் காலத்தில் அடைத்துவிட்டால், பல்லைப் பிடுங்கும் தேவையே பெரும்பாலும் எழாது. படிவம் வந்த அன்றே கையொப்பமிட்டு அனுப்புவோம்.

பிள்ளைகள் நம் சொல்லைக் காட்டிலும் செயலையே பின்பற்றுவர். புகையிலையும் வெற்றிலை பாக்கும் வாய்ப்புற்றுநோய்க்கு வழி வகுப்பவை. அவற்றை நாம் விலக்குவது நமக்கும் நன்மை. நம்மைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கும் நன்மை.

இன்றிரவு பிள்ளை படுக்குமுன் அதன் கையில் தூரிகையைக் கொடுப்போம். நாமும் உடன் நின்று துலக்குவோம்.