மூணாவது சரணம் எங்கே போச்சு?

போன எபிசோடு கேட்டுட்டு, "அடுத்தது டெக் பத்திப் பேசுங்க ப்ரோ"ன்னு நிறைய பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க. சாரி, இன்னைக்கு சர்ச் பாட்டு. ஆனா கதை ஒரு லேப்டாப்ல இருந்துதான் ஆரம்பிக்குது.

எங்க சர்ச்ல ப்ரொஜெக்டர் பார்த்துக்கிறது நான்தான். சாஃப்ட்வேர் படிச்ச பையன்னா இந்த வேலை தானா வந்து சேர்ந்துடும். [சிரிப்பு] முன்னாடி சுவர்ல ஒரு மரப்பலகை இருக்கும், பாட்டு நம்பரைச் செருகி வைப்பாங்க. எல்லாரும் புத்தகத்தைப் புரட்டிப் பாடுவாங்க. இப்போ ஸ்லைடு. ஆராதனை நீளமா இருக்குன்னு புகார் வந்ததால, பாட்டுகளைக் குறைக்கிற வேலையும் என்கிட்ட வந்துச்சு. முதல் ரெண்டு சரணம், கடைசிச் சரணம். நடுவுல இருக்கிறதை டெலிட் பண்ணிடுவேன். ரெண்டு வருஷமா இதைச் செஞ்சேன், ஒருத்தரும் கேட்கலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஞானப்பாட்டு ஒண்ணு. ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் சபை மொத்தமும் கடைசிச் சரணத்துக்குத் தாவிடுச்சு. ஆனா மூணாவது வரிசையில ஒரு பாட்டி மட்டும் மூணாவது சரணத்தைப் பாடிட்டே போறாங்க. அவங்க ஸ்க்ரீனைப் பார்க்கலை. பாட்டு மனப்பாடம். ஒரு முழு அடி தனியாப் பாடின பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாங்க. அப்புறம் பாடவே இல்லை.

வெளிய போய் சாரி சொன்னேன். "அந்தச் சரணத்துக்காகத்தானய்யா இன்னைக்கு வந்தேன்"னு சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரரை அடக்கம் பண்ணி அப்போ ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நான் வெட்டின சரணம் மரணத்தைப் பத்தினது.

வீட்டுக்கு வந்து என் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். நான் வெட்டினதுல பெரும்பாலானவை துக்கம், பயம், சாவு பத்தின சரணங்கள். வேணும்னு பண்ணலை. சந்தோஷமான வரி ஸ்லைடுல நல்லா இருக்கும்னு கை தானா அப்படிப் போயிருக்கு. பைபிள்ல இருக்கிற 150 சங்கீதங்கள்ல எத்தனை புலம்பல் இருக்குன்னு பாருங்க. 88-ஆம் சங்கீதம் இருட்டுலயே முடியுது, கடைசியில ஆறுதல்கூட கிடையாது. பிடிபட்ட அதே ராத்திரி, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, இயேசுவும் சீஷர்களும் பாட்டுப் பாடிட்டுத்தான் ஒலிவ மலைக்குப் போறாங்க. பிலிப்பி ஜெயில்ல, நடுராத்திரியில, அடி வாங்கின உடம்போட பவுலும் சீலாவும் பாடறாங்க. மனசு நல்லா இருக்கிறப்போ மட்டும் பாடினவங்க இல்லை இவங்க.

சரி, சபையில எல்லாரும் சேர்ந்து பாடற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவுல ரொம்பக் காலம் ஆராதனைப் பாட்டு லத்தீன்ல இருந்தது, பெரும்பாலும் குருமாரும் பாடகர் குழுவும்தான் பாடினாங்க. லூத்தர் ஜெர்மன்ல பாட்டு எழுதி ஜனங்க வாயில கொடுத்தார். 1524-ல வந்த முதல் புத்தகத்துல வெறும் 8 பாட்டு. அந்த வழியில வந்த சீகன்பால்கு 1706-ல தரங்கம்பாடியில வந்து இறங்கினார். ஜெர்மன் பாட்டுகள் தமிழாச்சு, மெட்டு மட்டும் அதே மெட்டு.

இங்கதான் ஒரு பக். ஜெர்மன் மெட்டு அழுத்தத்தை வச்சு நடக்கும். தமிழ் குறில் நெடிலை வச்சு நடக்கும். நீளமான ஸ்வரத்துல குறில் வந்து மாட்டிக்கிட்டா "பலம்" இழுபட்டு "பாலம்" ஆயிடும். கர்த்தர்கிட்ட பலம் கேட்கப் போய் பாலம் கேட்டுட்டு வருவோம்! [சிரிப்பு]

இதுக்கு நம்ம மண்ணுல கிடைச்ச பதில், தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல திருநெல்வேலியில பிறந்து, சுவார்ட்ஸ் ஐயர்கிட்ட தஞ்சாவூர்ல வளர்ந்தவர். பல்லவி, அனுபல்லவி, சரணம்னு ராகம் தாளத்தோட கீர்த்தனை எழுதினார். குறவஞ்சி நாடக வடிவத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சியே பாடிட்டார். பிறகு வந்த மிஷனரிகள் சிலர் பழைய பாட்டுகளையும் மொழிபெயர்ப்பையும் மாத்தினப்போ அவர் கடுமையா எதிர்த்தார்.

அவரை ஹீரோவாக்கி இதோட நிறுத்தினா அது நேர்மையா இருக்காது. அதே சண்டையில, சபைக்குள்ள சாதி வேற்றுமை இருக்கலாம்னும் அவர் வாதாடினார். அவர் கீர்த்தனையை உருகிப் பாடற எனக்கு இது உறுத்தலாத்தான் இருக்கு. 20-ஆம் நூற்றாண்டுல மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில இருந்த தியோஃபிலஸ் அப்பாவு, "பரட்டை"ன்னு சொன்னாத் தெரியும், இந்த இடத்துலதான் கை வச்சார். கர்நாடக சங்கீதம் யாரோட இசை, கூலி வேலை முடிச்சு வர்ற சனம் எதுல பாடும்னு கேட்டார். ஆராதனை முறை முழுசையும் நாட்டுப்புற மெட்டுல அமைச்சார். பாடறவங்க சொல்லை மாத்திக்கலாம், அது அவங்க பாட்டுன்னும் சொன்னார். எனக்கு இது ஓப்பன் சோர்ஸ் மாதிரி படுது. லூத்தர் செஞ்சதும் கிட்டத்தட்ட இதுதானே?

இப்போ எங்க பிரச்சினை வேற. மேடையில கீபோர்டு, டிரம்ஸ், நாலு மைக். கீழ இருக்கிறவங்களுக்குப் பக்கத்துல நிக்கிறவர் குரல்கூட கேட்காது. நானும் அந்தப் பாட்டுகளைக் காருல கேட்கிறவன்தான், குறை சொல்லலை. ஆனா எனக்கு விசுவாசம் ஆடிப்போன ஒரு வருஷம் இருந்துச்சு. ஜெபம் வராது. அப்போ பக்கத்துல இருந்தவங்க பாடினாங்க, நான் உதட்டை அசைச்சேன். அவங்க குரல் கேட்டிருக்காட்டி நான் அங்க நின்னிருக்க மாட்டேன்.

பாட்டியோட அந்த ஒத்தைக் குரல் எல்லாருக்கும் கேட்டதுக்குக் காரணம், அன்னைக்கு டிரம்ஸ் வாசிக்கிற தம்பி லீவு.

எல்லா சரணத்தையும் திரும்பப் போடணும்னு கமிட்டியில சொன்னேன். "அஞ்சு நிமிஷம் கூடுமே தம்பி"ன்னாங்க. இன்னும் முடிவு வரலை. வர்ற ஞாயிறு பாட்டுக்கு ஆறு சரணம். ஆறையும் டைப் பண்ணி வச்சிருக்கேன்.