பழவேற்காட்டுப் பூநாரையும் மீனவர் குப்பங்களும்



பொன்னேரிக்கு அப்பால் ஆந்திர எல்லையைத் தாண்டி விரிந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, சில்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயலாகும். பெரும்பகுதி ஆந்திரத்தைச் சார்ந்தது. தமிழகப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. குளிர்காலத்தில் பூநாரைகள் இங்குத் திரள்திரளாக வந்து இறங்குகின்றன.

ஒற்றைக்காலில் அசையாது நிற்கும் பூநாரையைத் தவசி என்று கருதத் தோன்றும்; ஆயினும் அது தாவர உணவோடு அமைவதன்று. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாவை முன்னும் பின்னும் இயக்கி நீரை உறிஞ்சி வெளியேற்றும். அலகின் ஓரத்துச் சீப்புப் போன்ற தகடுகள் பாசியையும் சிற்றுயிர்களையும் அரித்து நிறுத்தும். அவ்வுணவிலுள்ள நிறமியே இறகுகளுக்குச் செந்நிறம் தருகிறது. சேற்றைக் குவித்து அமைத்த மேட்டில் பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். குஞ்சுக்குத் தாயும் தந்தையும் தம் தொண்டையில் சுரக்கும் பாலை ஊட்டும். ஆண்டுக்கு ஒரு குஞ்சு என்னும் இனம், இரைதேடும் நிலத்தை இழந்தால் எளிதில் மீளாது.

அந்நிலம் ஆழமற்ற உவர்நீர். ஆறுகளின் நன்னீரும் கடல்நீரும் கலந்தாலன்றி அது அமையாது. கடல்நீர் நுழையும் முகத்துவாரத்தை மணல் அடிக்கடி தூர்த்துவிடுகிறது. அடைபட்டால் கோடையில் நீர் வற்றி உப்பு மிகும். இறாலும் மீன்குஞ்சும் உட்புகா. குப்பத்து அடுப்பும் பூநாரையின் இரைநிலமும் ஒரே வாயிலை நம்பியிருக்கின்றன.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் ‘பாடு’ என்னும் முறைப்படி, சீட்டுப் போட்டு, வலையிடும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒருவரே நல்ல இடத்தை நாளும் வளைத்துக்கொள்ள இயலாது. பாட்டுரிமை பெறாத பிறரின் மனக்குறையையும் மறைத்தல் தகாது.

கொல்லாமையை உயிராகப் போற்றும் இல்லங்களுக்கு இது இடர்ப்பாடான செய்திதான். வலைவீசுவோரை விலக்கிவிட்டால் பறவை வாழும் என்று எண்ணுதல் எளிது. ஆனால் முகத்துவாரம் தூர்ந்த காலங்களில், கைப்பொருள் திரட்டி மணலை வாரிக் கடலுக்கு வழி திறந்தவர்கள் அக்குப்பத்தாரே.