ஒப்புக்குச் சப்பாணி வேண்டாம்

(டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சமுதாயக் கூடத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, தூக்கத்தையும் விட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். 1992 முதல் ஐக்கிய நாடுகள் சபை இதைக் கடைப்பிடித்து வருகிறது. அதையொட்டி நம் சங்கச் செயலாளர், "சார், உடற்பயிற்சியைப் பத்திப் பேசுங்களேன்" என்றார். உடற்பயிற்சியின் நன்மைகளை நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்குத் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. நம் நடைபாதைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் யார் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் என் தவறிலிருந்து தொடங்குகிறேன். முப்பது வருடங்களுக்கு மேல் பி.டி. வாத்தியாராக இருந்தேன். விளையாட்டு பீரியட் வந்தால் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுவார்கள். ஒருவன் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். போலியோவால் ஒரு கால் மெலிந்தவன், ஊன்றுகோல் வைத்து நடப்பவன். எல்லோரும் செருப்பையும் வாட்ச்சையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்குக் காவல் இருப்பதுதான் அவனுக்கு நான் கொடுத்த வேலை. அதை அன்பு என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் அவன் என்னிடம் வந்து, "சார், நான் ஷாட்புட் போடட்டுமா? கைக்கு ஒண்ணும் இல்லையே" என்று கேட்டான். "வேண்டாம்ப்பா, விழுந்திடுவ" என்றேன். அதன்பிறகு அவன் எதையும் கேட்கவில்லை. ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி அந்த வகுப்பிலேயே உறுதியான தோள் அவனுக்குத்தான் இருந்தது என்பது, உடற்கல்வி படித்த எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அவரை, "நீ ஹைஜம்ப் பண்ணிப் பார்" என்று தூண்டியவர் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், காலில் குறையில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பிடித்தார் மாரியப்பன். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். ரியோ செய்தியை டிவியில் பார்த்து வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை. அவரும் பி.டி. வாத்தியார், நானும் பி.டி. வாத்தியார்.

எல்லோரும் பதக்கம் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம்மில் எத்தனை பேர் பதக்கம் வாங்கினோம்? சாயங்காலம் கீழே இறங்கி நாலு சுற்று நடக்க வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும், வியர்க்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அதுவே எவ்வளவு கடினம் என்பதை என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பு என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது, இடது பக்கம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது, தினமும் நடக்கச் சொன்னார்கள். எங்கள் பிளாக்கில் லிஃப்ட் இருக்கிறது. ஆனால் லிஃப்டை விட்டு வெளியே வந்தால் நடைபாதைக்கு இறங்க இரண்டு படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. பக்கத்தில் ஒரு சரிவு உண்டு, பைக் ஏற்றுவதற்காகப் போட்டது. அதில் நானே குனிந்துதான் இறங்க வேண்டும். முதல் நாள் அந்தப் படி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "மேலேயே நடந்துக்கறேங்க" என்றார். ஏழு மாதம் ஹாலுக்கும் அடுப்படிக்கும் இடையில் நடந்தார். பக்கவாதம் அவர் காலின் பலத்தைக் குறைத்தது உண்மை. வெளியே வரவிடாமல் நிறுத்தியது அந்த இரண்டு படிகள்.

இயலாமை என்று நாம் சொல்வதில் ஒரு பாதி உடம்பில் இருக்கிறது. அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். இன்னொரு பாதி படியிலும் வாசலிலும் விளையாட்டு விதியிலும் நம் வாய்ப்பேச்சிலும் இருக்கிறது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். மலைக்கோட்டையின் படிகளை நாம் மாற்ற முடியாது. நம் பிளாக்கின் இரண்டு படிகளை மாற்றலாம்.

"நம்ம குடியிருப்பில் அப்படி யார் சார் இருக்காங்க?" என்று சிலர் கேட்கலாம். உலக மக்களில் ஆறில் ஒருவர் குறிப்பிடத்தக்க ஏதோ ஓர் இயலாமையோடு வாழ்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், தசைச் சிதைவு, ரத்தம் உறையாமை எல்லாம் இப்போது அதில் உண்டு. இவற்றில் பல, பார்த்தால் தெரியாதவை. விளையாட்டில் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க அரசு வழி செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

"முடியாதவங்களுக்கு ஓய்வுதானே நல்லது?" என்பது அடுத்த கேள்வி. ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களைப் படுக்கையிலேயே விட்டுவைத்தார்கள். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் அவர்களுக்கு விளையாட்டையே சிகிச்சையாகக் கொடுத்தார். 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அவர் நடத்திய போட்டியில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்தபடி அம்பு எய்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் பாராலிம்பிக். நம் நாட்டின் முதல் பாராலிம்பிக் தங்கம் 1972இல் முரளிகாந்த் பெட்கர் நீச்சலில் வென்றது. 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் அவர்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதலில், மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியாகப் பரிந்துரை தந்திருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்ற அளவு அவர்களுக்கும் பொருந்தும். முடியாவிட்டால் முடிந்த அளவு. ஒன்றுமே செய்யாததைவிடக் கொஞ்சம் செய்வது மேல். எதைச் செய்யலாம், எதைக் கூடாது என்பதை மட்டும் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலையும் நினைவில் வையுங்கள். முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்கள் சிலருக்குச் சரியாக வியர்க்காது, உடம்புச் சூடு சட்டென்று ஏறிவிடும். சித்திரை வைகாசியில் வெயில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும்.

சரி, பொங்கல் வருகிறது. வழக்கம்போல் விளையாட்டு விழா வைப்போம். அதில் எல்லோரையும் சேர்ப்பது எப்படி? ஒரு விளையாட்டில் நான்கு விஷயங்களை மாற்றலாம்: இடம், விதி, பொருள், ஆள். உலக அளவிலும் இதைத்தான் செய்கிறார்கள். சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை துள்ளலாம். அது விதி மாற்றம். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் கலகலவென்று ஒலி வரும். அது பொருள் மாற்றம்.

நம் விழாவுக்கு வருவோம். ஓட்டத்துக்கு விசில் ஊதும்போதே ஒரு கொடியையும் ஆட்டுங்கள், காது கேளாத பிள்ளையும் அதே நொடியில் கிளம்பும். நம் பக்கத்து மதுரையின் ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் பாட்மின்டனில் மூன்று தங்கம் வென்றவர். அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். ஒரு கொடி இல்லாததால் அப்படி ஒரு பிள்ளை நம் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

எலுமிச்சை ஸ்பூனில் கை நடுங்குகிறவருக்குக் குழிந்த கரண்டி கொடுக்கலாம். மியூசிக்கல் சேருக்குப் பதிலாக எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பந்து கடத்தினால் தாத்தா பாட்டிகளும் வருவார்கள். இந்தக் கூடத்தின் தரையிலேயே வலையைத் தாழ்த்திக் கட்டி, எல்லோரும் உட்கார்ந்தபடி வாலிபால் ஆடலாம். அதுவும் பாராலிம்பிக் விளையாட்டுதான். முதல் அரை மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள். பெரிய சத்தம் தாங்காத ஆட்டிசம் குழந்தைகள் அப்போது வந்து விளையாடட்டும். உறியடியில் நாம் எல்லோருமே கண்ணைக் கட்டிக்கொள்கிறோம். பார்வையில்லாத ஒருவர் வந்தால் அன்றைக்கு அவர்தான் நமக்குச் சொல்லித்தர வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நாம் விளையாடும்போது, அழுதுகொண்டு வரும் சின்னப் பிள்ளையை "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பிள்ளை ஓடும், ஆனால் அவுட் கிடையாது, பாயின்ட்டும் கிடையாது. சப்பாணி என்றால் கால் நடக்க இயலாதவர் என்று பொருள். கணக்கில் சேராத ஆளுக்கு எந்தப் பெயரை வைத்திருக்கிறோம் பாருங்கள். பரிதாபப்பட்டு ஒரு ஆறுதல் பரிசு கொடுத்து அனுப்புவதும் அதே கதைதான். சேர்த்தால் பாயின்ட்டோடு சேருங்கள். தோற்றால் தோற்கட்டும். தோற்பதும் அவர்கள் உரிமை.

பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவருக்கு உதவுவது இன்னொருவருக்கு இடைஞ்சலாகலாம். அதனால் முதலில் கேளுங்கள். "நான் ஏதாவது செய்யணுமா?" என்று அவரையே கேளுங்கள், கூட வந்தவரை அல்ல. சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதீர்கள். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவரே பிடித்துக்கொள்வார்.

நிர்வாகக் குழுவுக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, எல்லா பிளாக் வாசலிலும் கைப்பிடிக் கம்பி. இரண்டு, ஒரு பிளாக்கிலாவது முறையான சாய்தளம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அரை அடிப் படி இரண்டு என்றால் பன்னிரண்டு அடி வேண்டும், அந்த இடம் எங்கள் பிளாக் முன்னால் இருக்கிறது. மூன்று, நடைபாதையில் பைக் நிறுத்தக் கூடாது. மூன்றாவதற்குச் செலவே இல்லை. இன்று இரவே தொடங்கலாம்.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் வீட்டில் கீழே இறங்காமல் இருக்கும் ஒருவரிடம் இன்று போய், "பொங்கலுக்கு எந்த விளையாட்டில் சேர்றீங்க?" என்று கேளுங்கள். பெயரை பிளாக் பிரதிநிதியிடம் கொடுங்கள். விதியை எப்படி மாற்றலாம் என்பதை நான் அவர்களோடு உட்கார்ந்து யோசிக்கிறேன். என் மனைவி பந்து கடத்துவதற்குப் பெயர் கொடுத்துவிட்டார். வலது கை பலமாகத்தான் இருக்கிறது, ஜாக்கிரதை.

இந்தப் பொங்கலுக்குச் செருப்புக்குக் காவலாக யாரும் உட்கார வேண்டாம். செருப்பு அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.