தாயின் மூச்சே சேயின் மூச்சு
(ஸ்ரீ கெம்பாங்கானில் ஆற்றிய உரை)

 

2020ஆம் ஆண்டில், இவ்வூருக்கு அண்மையிலுள்ள செர்டாங் மேப்ஸ் கண்காட்சி வளாகம் கோவிட்-19 சிகிச்சை மையமாக்கப்பட்டதை நாம் அறிவோம். அந்நோய் கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் ஆபத்து விளைவிப்பது ஏன்?

நுரையீரலிலிருந்து பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஈமோகுளோபின். தாயின் இரத்தம் கொணரும் பிராணவாயுவே நச்சுக்கொடி வழியாகச் சிசுவை அடைகிறது. கர்ப்பத்தில் பிராணவாயுத் தேவை பெருகுகிறது. வளரும் கருப்பையோ நுரையீரல் விரியும் இடத்தைக் குறைக்கிறது. அவ்வேளையில் வைரஸ் நுரையீரலைத் தாக்கினால், பால் இறங்காத மரத்தடியிலிருந்து வெறும் வாளியுடன் திரும்புவதுபோல் சிவப்பணுக்கள் திரும்பும். ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்து இரத்தச்சோகையும் இருப்பின், வாளிகளே போதா.

சிலருக்கு மூச்சுத்திணறல் தோன்றுமுன்பே பிராணவாயு குறைந்துவிடும். ஆகவே, காய்ச்சல் கண்ட கர்ப்பிணி பால்வெட்டுக்குச் செல்லாமல் சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். விரலில் மாட்டும் கருவி 95 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் உடனே மருத்துவமனையை நாடுக.

கணவன்மார்களே, ஒருநாட் சம்பளம் போகுமென்று தயங்காதீர். இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாது உண்ணச் செய்வீர். தடுப்பூசி குறித்துத் தாதியிடம் கேட்பீர். காக்கப்படுவன இரண்டு உயிர்கள்.