வெனிஸின் சாயலும் வீட்டின் தேவையும்

  

இத்தாலி நாட்டின் ஊர்களைப் போலச் செய்து காட்டும் வழக்கம் இன்று உலகில் பல இடங்களிலும் பரவியுள்ளது. அதனை எங்கே கண்டு களிக்கலாம், எங்கே எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்பது குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

வெனிஸ் நகரத்தார் அழகுக்காக நீரின்மேல் குடியேறினாரல்லர். படையெடுப்புக்கு அஞ்சி உப்பங்கழித் தீவுகளில் புகுந்தோர், சேற்றில் மரத்தூண்களை அறைந்து, அவற்றின்மேல் மனை எழுப்பினர். அங்கே கால்வாயே தெரு, படகே வண்டி. தேவை முன்னே வந்தது. அழகு பின்னே வந்தது.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 1999-இல் திறக்கப்பட்ட ஒரு விடுதியினுள்ளே அதே வெனிஸைக் காட்டுகின்றனர். கட்டடத்துக்குள்ளேயே கால்வாய், மேலே காணும் வானமோ வண்ணந்தீட்டிய கூரை! இது நாடகக் காட்சி போன்றது. சீட்டு வாங்கிப் படகேறி, மகிழ்ந்து திரும்புவோரை யாரும் குறை கூறார்.

குடியிருக்கும் வீடென்றால் கதை வேறு. 1905-இல் அபட் கின்னி என்னும் செல்வர், கலிபோர்னியாக் கடற்கரைச் சதுப்பு நிலத்தில் கால்வாய்கள் வெட்டி, ஒரு வெனிஸை உண்டாக்கி, மனைகளும் விற்றார். மோட்டார் வண்டிகள் பெருகவே, 1929-இல் பெரும்பாலான கால்வாய்கள் தூர்க்கப்பட்டுச் சாலைகளாயின. கரையோரம் குடியிருந்தோர் நீதிமன்றம் சென்றும் பயனில்லை.

நம் நாட்டிலும், புனே நகரை அடுத்த மலைகளிடையே, வரஸ்காவ் அணையின் நீரோரத்தில், இத்தாலியின் போர்ட்டோஃபினோ என்னும் கடலோர ஊரை நினைவூட்டும் வண்ண வீடுகளுடன் லவாசா எழுந்தது. 2010-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லிற்று. மறு ஆண்டு நிபந்தனைகளுடன் இசைவு கிட்டியது. எனினும் 2018-இல் அந்நிறுவனம் கடனால் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. பணங்கட்டிய பலர் வீடு கைக்கு வராமல், கடன் கொடுத்தோர் வரிசையில் நிற்க நேர்ந்தது.

அன்பர்களே! நம்மில் பலர் ஓய்வு பெறும் நாளை எதிர்நோக்கியுள்ளோம். சேமநிதிப் பணம் ஒருமுறைதான் கைக்கு வரும். விளம்பரத் தாளில் உள்ள வளைவுகளையும் மணிக்கூண்டையும் கண்டு மயங்காதீர்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது, மருத்துவமனை எவ்வளவு தொலைவு, நிலம் யார் பெயரில் உள்ளது, அரசின் அனுமதி கிடைத்ததா என்று நேரில் சென்று வினவுங்கள். நிலையத்தின் முகப்பு எத்துணை எழிலாயினும், தண்டவாளம் இல்லையேல் வண்டி வாராதன்றோ?