பட்டியலில் நம் பெயர் எங்கே?



2020 மார்ச் 18-ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றுதான் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. முடிதிருத்தும் கடைகள் ஜூன் 10 வரை திறக்கப்படவில்லை. இரவுச் சந்தைகள் ஜூன் 15 வரை நடக்கவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம். அன்றாடம் விற்று அன்றாடம் சமைக்கும் குடும்பத்திற்கு மூன்று மாதம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அரசாங்கம் உதவியே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏப்ரல் 6-ஆம் தேதி, மிகச் சிறிய வணிகங்களுக்கு 3,000 ரிங்கிட் பிரிஹாத்தின் சிறப்பு மானியம் அறிவிக்கப்பட்டது. அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அல்ல. பல ஊராட்சி மன்றங்கள் தங்கள் அங்காடிக் கடைகளின் வாடகையையும் தள்ளுபடி செய்தன. அப்படியானால் நம்மில் பலருக்கு ஏன் எதுவும் கிடைக்கவில்லை?

உங்கள் தாமானிலும் ஓர் அக்காள் இருப்பார். விடியற்காலை எழுந்து புட்டு மாயம் அவித்து, சாலை ஓரத்தில் மேசை போட்டு விற்பவர். பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த மேசைதான். ஆனால் எஸ்.எஸ்.எம். பதிவு இல்லை, மன்றத்தின் உரிமம் இல்லை, வருமான வரி எண் இல்லை. அரசாங்கத்தின் பட்டியலில் அப்படி ஒரு வியாபாரியே கிடையாது!

இன்னொருவர் அங்காடி நிலையத்தில் பல வருடங்களாக அடுப்பின் முன் நிற்கிறார். ஆனால் உரிமம் வேறொருவர் பெயரில். வாடகைத் தள்ளுபடி யாருக்குப் போகும்? உரிமத்தில் பெயர் உள்ளவருக்குத்தான்.

ஆகவே, அடுத்த நெருக்கடி வருவதற்கு முன் நாம் செய்ய வேண்டியவை இவை.

முதலில், வியாபாரத்தை உங்கள் பெயரிலேயே எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் என்றால் வருடத்திற்கு 30 ரிங்கிட், கடைப் பெயரில் என்றால் 60 ரிங்கிட்.

இரண்டாவது, மன்றத்தின் உரிமப் பிரிவுக்குச் சென்று விண்ணப்பியுங்கள். உணவு விற்பவர்கள் உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் முடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வருமான வரி எண்ணைக் கண்டு பயப்படாதீர்கள். எண் இருந்தாலே வரி கட்ட வேண்டும் என்பதில்லை. வருமானம் குறைவு என்றால் வரியும் இல்லை.

நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் வரவு செலவு எழுதுங்கள். உதவியோ கடனோ கேட்கும்போது அதுதான் உங்களுக்காகப் பேசும். தெக்குன் நிறுவனத்தில் இந்திய வணிகர்களுக்கென ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. அதற்கும் தாள்கள் வேண்டும்.

இத்தோடு நம் கடமை முடிந்தது. மன்றத்தின் கடமை?

அபராதம் எழுத அதிகாரிகள் நம் மேசையைத் தேடி வருகிறார்கள். உரிமம் கொடுக்கவும் அப்படியே தேடி வரலாமே! தாமான் மண்டபத்தில் ஒரு நாள் முகாம் போட்டு, தமிழில் விளக்கம் சொல்லி, அங்கேயே விண்ணப்பத்தை வாங்கட்டும். இது சலுகை அல்ல, நம் உரிமை.

இந்த நாட்டிலேயே பிறந்து, அடையாள அட்டை கிடைக்காமல் வாழும் நம் மக்களின் கதை இன்னும் கொடுமை. குடியுரிமையோ நிரந்தர வசிப்பிடத் தகுதியோ இல்லாதவர் வியாபாரத்தைப் பதிவு செய்யவே முடியாது. அவர்களுக்கு முதல் தாளே மறுக்கப்பட்டிருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் பட்டியலில் ஏறினால் போதுமா?

1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கம்தான் நியமிக்கிறது. ஓட்டுப் போட்டு அவர்களைக் கேள்வி கேட்க நமக்கு வழியில்லை. அதனால் தனி ஆளாகப் போய்க் கெஞ்சாதீர்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கடிதம் எழுதிக் கொண்டு போங்கள். சாப் குத்திய நகலை வாங்காமல் திரும்பாதீர்கள்.

நாளைக் காலை அந்த அக்காளிடம் புட்டு மாயம் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அக்கா, உரிமம் எடுத்தாச்சா?" இல்லை என்றால், கூடவே போங்கள்.